ஞானம் ஐயாவின் ‘ஆகட்டும்’

ஆபீசில் எனக்கு மாலை போட்டு வழியனுப்பிய அன்று அல்பர்ட் ஒரு கேள்வி கேட்டான். என் இடத்துக்கு வந்திருப்பவன் அவன். கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“அண்ணே, நானும் வந்த நாள்லேருந்து பாக்கறேன். யாரு என்ன கேட்டாலும் ‘செய்’ம்பீங்க, இல்லாட்டி ‘செய்யாதே’ம்பீங்க. ‘ஆகட்டும்’னு ஒரு தடவகூட சொன்னதே இல்லலா. அந்த வார்த்த மேல அப்படி என்ன கோவம்?”

கோபமாம்! சிரித்து மழுப்பிவிட்டேன். கழுத்தில் மாலையை வைத்துக்கொண்டு மனிதன் அழ முடியுமா? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இப்போது எங்கள் ஆபீசில் மஞ்சள் காகிதம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கட்டட வேலையில் எந்த உத்தரவானாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் முகம் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். அதை அல்பர்ட்டுக்கு எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பினாங்கிலேயே பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். ஒரு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் கம்பெனியில் வரைபடத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து நகல் எடுக்கிற வேலை கிடைத்தது. கண் வலிக்க வலிக்க அதைச் செய்ததில் வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மானேஜர் கூப்பிட்டு, “நாளையிலிருந்து ஞானப்பிரகாசத்தோடு போ” என்றார். என் வேலை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

இதை வெளியாட்கள் படித்தாலும் புரியும்படி எங்கள் தொழிலின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கட்டடத்தை வரைகிறவர் ஆர்க்கிடெக்ட். கட்டுவதற்கு ஒப்பந்தம் எடுக்கிறவர் காண்ட்ராக்டர். எங்களுக்குப் பெரும்பாலும் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர் வருவார். அவருக்குக் கீழே ஆள் வைத்து வேலை செய்கிறவர் மேஸ்திரி. இவர்கள் வரைபடத்தில் உள்ளபடி கட்டுகிறார்களா என்று தினமும் நின்று பார்க்க ஆர்க்கிடெக்ட் தன் ஆள் ஒருவரை அனுப்புவார். அந்த ஆள்தான் ஞானப்பிரகாசம், எங்களுக்கு ஞானம் ஐயா. அவருக்குக் குடை பிடித்து, அளவு எழுதி, சொன்னதைச் செய்கிறவன் நான். சில காரியங்களை எங்கள் ஆள் வாயால் சொல்லாமல் மேஸ்திரி தொடவே கூடாது. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு ஷரத்து உண்டு. கான்கிரீட் தளத்துக்கு அடியில் கொடுத்திருக்கும் முட்டுக் கம்புகளை எடுப்பது அதில் முதலாவது.

ஞானம் ஐயா உயரமான ஆள். வெள்ளை ட்ரில் கோட்டு, தொப்பி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கான்கிரீட் தளத்தில் ஏறுவதற்கு முன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். வெறுங்காலோடு மெதுவாக நடப்பார். ஓர் இடத்தில் நின்று குதிகாலால் தட்டுவார், இன்னோர் இடத்தில் உட்கார்ந்து ஆணியால் கீறிப் பார்ப்பார். ஈரக் கோணியைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைப்பார். அதுவரை யாரும் பேசக் கூடாது. கிராம்பு வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் பாசாரில் கிராம்பு மூட்டையைப் பிரித்தால் எனக்கு அந்தத் தளத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மணல் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். ஒரு தடவை தவுக்கே கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். ஐயா நாக்கில் வைத்தார், துப்பினார், “தவுக்கே, இன்னிக்கு உங்க வீட்டுக் கறிக்கு உப்பு போடாதீங்க, இதுல ஒரு கரண்டி போட்டாப் போதும்” என்றார். மலாயில்தான் சொன்னார். தவுக்கேயே சிரித்துவிட்டார். மணல் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

சீனப் புத்தாண்டுக்குத் தவுக்கே ஒரு கூடை ஆரஞ்சும் ஒரு பிராந்தி புட்டியும் அனுப்புவார். ஐயா ஒரே ஓர் ஆரஞ்சை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுவார். முழுவதையும் திருப்பினால் தவுக்கேக்கு அவமானம், முழுவதையும் வைத்துக்கொண்டால் தமக்கு அவமானம் என்பார். அந்த ஓர் ஆரஞ்சையும் சைட்டிலேயே உரித்துச் சுளை சுளையாக எல்லாருக்கும் கொடுப்பார். எனக்கு வந்த சுளையைத் தின்ன மனசில்லாமல் சட்டைப் பையில் போட்டுவைத்து, சட்டையெல்லாம் பிசுபிசுத்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு கறாரான மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’. “ஐயா, செங்கல் இறக்கலாமா?” “ஆகட்டும்.” “ஐயா, சாப்பிடப் போகலாமா?” “ஆகட்டும்.” நம் தமிழில் இது ஒரு வேடிக்கையான சொல். ‘சரி, செய்’ என்றும் ஆகும். ‘அது முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்றும் ஆகும். ஐயா சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். தலை கீழே அசைந்தால் ‘செய்’. மோவாய் மேலே போனால் ‘பொறு’. சைட்டில் எல்லாருக்கும் இது பழக்கம். அதில் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மேஸ்திரி வீராசாமி எங்களோடு பல கட்டடம் கண்டவர். அவர் மனைவி மாரியாயி சைட்டில் சாந்துச் சட்டி சுமப்பாள். அவளுடைய தம்பி சின்னையா ஊரிலிருந்து வந்து மச்சானிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தான். சின்னையா ஒரு குறும்பன். ஐயா அந்தப் பக்கம் போனதும் கிராம்பை ஒதுக்குகிற மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு, மோவாயைத் தூக்கி, “ஆ...கட்டும்” என்பான். சாரத்தில் நிற்கிற ஆளெல்லாம் குலுங்கிச் சிரிக்கும். ஒரு நாள் ஐயா பின்னாலேயே நின்று கேட்டுவிட்டார். “கிராம்பு இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சின்னையாவுக்கு அவர் என்றால் உயிர்.

பீச் ஸ்திரீட் பக்கம் ஒரு கிடங்கு கட்டினோம். மேல் மாடியிலிருந்து தெருப் பக்கமாகக் கான்கிரீட் பலகை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். மழையில் நனையாமல் அதன் அடியில் மாட்டுவண்டியை நிறுத்திச் சரக்கு இறக்கலாம். வெளியே நீட்டியிருக்கிற பலகைக்குக் கீழே தூண் கிடையாது. உள் முனையின் மேல் சுவர் எழும்பி அழுத்திக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும். பெஞ்சின் ஒரு நுனியில் ஒருவர் உட்கார, இன்னொரு நுனியில் இருப்பவர் எழுந்துவிட்டால் என்ன ஆகும்? அதேதான். மேல் சுவர் முழுக்க ஏறும் வரை அடியில் முட்டு நிற்க வேண்டும்.

அன்று தூறலாக இருந்தது. சுவர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. ஐயா ஏணியில் நின்று சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுவரோடு இருந்தது. கீழே குடையோடு நான், பக்கத்தில் மேஸ்திரி.

“ஐயா, சுவர் ஏறிக்கிட்டிருக்கு. முட்ட எடுத்துரலாங்களா? அடுத்த பக்கத்துக்குக் கம்பு பத்தல.”

“ஆகட்டும்” என்றார் ஐயா. திரும்பவில்லை.

மேஸ்திரி சரிங்க என்று போனார். நாங்கள் இருவரும் நார்த்தம் ரோட்டில் வேறொரு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம். அந்தச் சொல்லை நீ எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் கேட்கிற சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது தெருவே அடைத்துக்கொண்டு கூட்டம். பலகை உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி முட்டைத் தட்டியவன் சின்னையா. அவனை வெளியே எடுத்து ஒரு சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். மாரியாயி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எந்திரிடா, எந்திரிடா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐயா தொப்பியை எடுத்துவிட்டு மழையில் நின்றார். நான் குடையை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

மரண விசாரணை கோர்ட்டில் நடக்கும் என்றார்கள். ஒரே கேள்விதான். முட்டை எடுக்க எங்கள் ஆள் உத்தரவு கொடுத்தாரா, இல்லையா? கொடுத்திருந்தால் பொறுப்பு எங்களுடையது. கொடுக்கவில்லை என்றால் மேஸ்திரி ஒப்பந்தத்தை மீறி, கவனக்குறைவாக ஓர் உயிரைப் போக்கினார் என்று ஆகும். ஜெயில்தான். ஜெயில்கூடப் பெரிதில்லை. மாரியாயிக்குத் தன் புருஷனே தம்பியைக் கொன்றவன் என்று ஆகிவிடும். அவள் அப்போதே அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்ட மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான்.

மேஸ்திரி என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். “தம்பி, நீ பக்கத்துலதான நின்ன? ஐயா சொன்னது உன் காதுலயும் விழுந்துச்சுல்ல?” கேட்டுவிட்டுப் போய்விட்டார். கம்பெனி மானேஜரும் கூப்பிட்டார். “ஞானப்பிரகாசம் ‘பொறு’ என்ற அர்த்தத்தில்தான் சொன்னார் என்பது உனக்குத் தெரியும் அல்லவா? அதைச் சொல். அவரையும் காப்பாற்றலாம், கம்பெனியையும் காப்பாற்றலாம்.” கம்பெனி எனக்கு ஒரு பொருட்டா? ஐயாவைக் காப்பாற்றலாம் என்றாரே, அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். நேராகவே கேட்டேன்.

“ஐயா, அன்னிக்கு என்ன நெனச்சு சொன்னீங்க?”

“சுவர் ஆகட்டும்னு நெனச்சுத்தான் சொன்னேன், ராயப்பா.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்புறம் என்ன ஐயா! அதயே சொல்லிருங்க. நானும் சொல்லிடறேன்.”

“நான் நெனச்சது உனக்கு எப்படித் தெரியும்?”

“இப்ப நீங்கதான சொன்னீங்க?”

“இப்ப சொன்னது இப்ப. அன்னிக்கு உன் காதுல என்ன விழுந்துச்சோ அத மட்டும் சொல்லு. அர்த்தம் உன் சரக்கு இல்ல. அத எங்கிட்ட விட்டுரு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய மனுஷன் என்றும் பார்க்காமல், “உங்க வேல போயிரும் ஐயா” என்று கத்திவிட்டேன். அவர் கிராம்பு டப்பாவைத் திறந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். அவர் எனக்குக் கிராம்பு கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

கோர்ட்டில் என் முறை வந்தது. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்கு மட்டும் தயங்கினார். “இதற்குச் ‘சரி’ என்றும் பொருள், ‘பொறு’ என்றும் பொருள்” என்றார். மாஜிஸ்திரேட் துரை பேனாவை நிறுத்திவிட்டு, “ஆம், இல்லை இரண்டுக்கும் ஒரே சொல்லா? இந்தப் பாஷையை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிக் கட்டடம் கட்டுகிறீர்கள்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரை உட்கார்ந்திருந்த கட்டடத்தையே நம் ஆட்கள்தான் கட்டினார்கள். அதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. சாட்சிக் கூண்டில் நிற்கிறோமே என்று விழுங்கிக்கொண்டேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சாமர்த்தியசாலி. “முட்டை எடுக்கத் தெளிவான உத்தரவு வேண்டும் என்கிறது ஒப்பந்தம். இரண்டு அர்த்தம் உள்ள சொல் தெளிவான உத்தரவு ஆகாது. சந்தேகம் இருந்தால் மேஸ்திரி மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்காததுதான் கவனக்குறைவு” என்றார். கேட்கக் கேட்க எனக்கே அது நியாயமாகப் பட்டது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். பின் பெஞ்சில் மாரியாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஐயாவை அழைத்தார்கள். “நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள்?” என்றார் வக்கீல். பதில் என்னவென்று அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்டார்.

ஐயா இங்கிலீஷில் பதில் சொன்னார். சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டு, பின் பெஞ்சுக்குக் கேட்கும்படி தமிழிலும் சொன்னார்.

“நான் நெனச்சது ‘பொறு’ன்னுதான். ஆனா நான் நெனச்சது மேஸ்திரி காதுல எப்படி விழும்? சொன்னதுதான் விழும். இதே வார்த்தையச் சொல்லி எத்தனையோ நாள் இதே மனுசன நான் வேல செய்ய வச்சிருக்கேன். அன்னிக்கு முகத்தக் காட்டாம சொன்னேன். ரெண்டு அர்த்தம் வர்ற வார்த்தையப் பொறுக்கி எடுத்தவன் நான். அவரு என்ன அர்த்தத்துல கேட்டாரோ அதுதான் நான் குடுத்த உத்தரவு. அவரு மேல தப்பு இல்ல.”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒப்பந்தப் பத்திரங்களுக்குச் சட்டத்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறது என்றார். ஒரு சொல் இரண்டு விதமாக அர்த்தப்பட்டால், அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவருக்கு எதிராகத்தான் அர்த்தம் எடுக்க வேண்டுமாம். சாட்சி சட்டம் படித்தவரா என்று கேட்டார். ஐயா இல்லை என்றார்.

மேஸ்திரி மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. ஐயா சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் பொறுப்புள்ளவர் இப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்து அனுப்பிவிட்டார்கள். வெளியே படியில் ஐயா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாரியாயி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். அடித்துவிடுவாளோ என்று நான் குறுக்கே போனேன்.

“எந்தம்பிய உங்களால கொண்டாந்து குடுக்க முடியாது சாமி. எம்புருசனக் குடுத்துட்டீங்க” என்றாள். சொல்லிவிட்டு, எத்தனையோ நாளாகப் பேசாமல் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்து, “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள். மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அந்த வாரமே கம்பெனி ஐயாவை நிறுத்திவிட்டது. வேறு எந்த ஆர்க்கிடெக்ட்டும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கிடங்கின் பலகையை மறுபடி போட்டோம். சுவர் உச்சி வரை ஏறிய பிறகு, முட்டை எடுக்கச் சொல்ல வேண்டிய ஆள் நானாக இருந்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு மேலே நடந்தேன். கீழே வந்து, வீராசாமி மேஸ்திரியின் முகத்தை நேராகப் பார்த்து, “எடுங்க” என்றேன். அவரும் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எடுக்கவா தம்பி?” என்று மறுபடி கேட்டார். “எடுங்க” என்று மறுபடி சொன்னேன். பலகை இன்றைக்கும் நிற்கிறது. மழை வந்தால் நானே அதன் அடியில் ஒதுங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை எனக்கு அதே வழக்கம்தான். அல்பர்ட், உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஐயா நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் புறப்பட்டார். வெல்ட் கீ படகுத்துறையில் வழியனுப்பப் போனவர்கள் நானும் மேஸ்திரியும் மாரியாயியும். மாரியாயி கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கோர்ட்டுக்குப் பிறகு ஐயா வாயிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை. ‘சரி’ என்பார், ‘வேண்டாம்’ என்பார். கப்பலுக்குக் கொண்டுபோகிற சம்பான் படகில் முதலில் பெட்டியை இறக்கினார்கள். பிறகு ஐயா படியில் இறங்கினார். அலை ஆட்டியது. படகுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி காலை எடுத்து வைத்தார்.

அதுவரை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது முடியவில்லை. “ஐயா, திரும்ப வருவீங்கல்ல?” என்று கத்தினேன்.

“ஆகட்டும்” என்றார்.

படகு நகர்ந்துவிட்டது. அவர் கப்பல் இருந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொப்பிதான் தெரிந்தது. தலை கீழே அசைந்ததா, மோவாய் மேலே போனதா, எனக்குத் தெரியாது. மேஸ்திரியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு தகவல் ஒன்றும் இல்லை. அப்போதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. இப்போது எனக்கே நரைத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நாகப்பட்டினம் கப்பல் வருகிற நாளில் கால் தானாக வெல்ட் கீ பக்கம் போகிறது. இறங்குகிற கூட்டத்தில் உயரமான தொப்பி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். என் மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

கேட்டவன் எந்த அர்த்தத்தில் கேட்டானோ அதுதான் செல்லும் என்று நீங்கள்தானே ஐயா கோர்ட்டில் நின்று சொன்னீர்கள். நான் ‘வருகிறேன்’ என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.